பால்மா டின்னில் வந்த குருடி

1. காலி ஜார்

வேலையில் சேர்ந்த முதல் நாள் பேராசிரியர் என்னை ஒரு மர அலமாரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறை. நான் குன்னூர்க்காரி. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலைதான். சிறு வயதிலிருந்தே எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. லேபிலேயே உட்கார வைத்துவிடுவாரோ என்ற பயத்தோடு நின்றேன்.

அலமாரியின் மேல் தட்டு முழுக்கத் தவளைகளும் தேரைகளும். நடுத் தட்டில் ஒரே ஒரு ஜார். அதற்குள் பார்மலினில் ஊறி நிறம் வெளுத்த ஒரு பிராணி. பார்க்கப் பல்லிதான், ஆனால் செதிலும் இல்லை, நகமும் இல்லை. டார்ஜிலிங் பக்கத்திலிருந்து வந்த சாலமாண்டர். கீழ்த் தட்டில் இருந்த ஜார் காலி.

“நீர்நில வாழ்வன எல்லாம் இந்த மூணு ஆர்டர்ல அடங்கிடும்மா” என்றார் பேராசிரியர். “கால் உண்டு, வால் இல்லேன்னா தவளை, தேரை. காலும் உண்டு, வாலும் உண்டுன்னா சாலமாண்டர், நியூட். காலே இல்லேன்னா சிசிலியன். அது மண்ணுக்குள்ள இருக்கும். மண்புழு மாதிரியும் இருக்கும், பாம்பு மாதிரியும் இருக்கும், ரெண்டும் கிடையாது. காலி ஜார் அதுக்குத்தான். பந்தலூர்ப் பக்கம் மழைக்காலத்துல கிடைக்கும். போய்ப் புடிச்சிட்டு வா.”

“சாலமாண்டர் கிடைச்சா சார்?”

“தெற்க கிடையாது. யாராவது பாத்தேன்னு சொன்னா, கொஞ்ச நாள் கழிச்சு அதையே மறுபடியும் பாரு.”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் புரியவில்லை. புரியாததைத் திருப்பிக் கேட்கிற பொறுமையும் அன்று எனக்கு இல்லை. காலி ஜாரைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாளே மலையேறிவிட்டேன்.

2. வாலுள்ள தவளை

நான் தங்கியது பந்தலூருக்குப் பக்கத்தில், புதிதாகத் தேயிலை நட்டிருந்த ஒரு தோட்டத்தில். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ராமேஸ்வரத்தில் கப்பலிறங்கி, முகாமில் காத்துக் கிடந்து, தகரப் பெட்டியும் பாத்திர மூட்டையுமாக லாரியில் வந்து சேர்வார்கள். லயம் எனப்படும் வரிசை வீடுகளின் சுவர் காய்வதற்கு முன்பே குடியேறிவிடுவார்கள். மறுநாள் காலையிலேயே பெரட்டுக் களத்தில், அதாவது ஆளெடுக்கும் இடத்தில், வரிசையாக நிற்பார்கள்.

அந்த வரிசையின் முன்னால் நின்று, ஈரத் தோலுள்ள எந்தப் பிராணியைப் பார்த்தாலும் என்னிடம் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டேன். ஒரே சிரிப்பு. படித்த பெண்ணாகத் தெரிந்ததால் எனக்கு ‘டீச்சரம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அட்டையும் அரணையுமாக வந்து குவிந்தன. அரணைக்குச் செதில் உண்டு, அது நம் கூட்டமே இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் இன்னொரு அரணை வரும்.

ஒரு நாள் பாக்கியம் என்கிற தொழிலாளி சேம்பு இலையில் எதையோ பொத்திக் கொண்டுவந்தாள். வாய்த்துடுக்கான பெண். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இலையைப் பிரித்தால் வழுவழுப்பான தோலும் நாலு காலும் நீண்ட வாலுமாக ஒரு பிராணி.

தெற்கே கிடையாது என்று அவர் சொன்ன சாலமாண்டர் என் உள்ளங்கையில் இருக்கிறது! அதைக் குழித்தட்டில் விட்டுவிட்டு, பேராசிரியருக்குத் தந்தி அடிக்கக் கொட்டுகிற மழையில் தபால் ஆபீசுக்கு ஓடினேன். மரம் விழுந்து கம்பி அறுந்ததில் தந்தி போகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மரத்துக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றிக்கடன் பட்டவள். சில நாட்களில் என் சாலமாண்டரின் வால் சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போனது. தட்டில் ஒரு தவளைக்குஞ்சு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பாடத்தில் படம் போட்டிருக்கும் சங்கதிதான். தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்த பிறகும் கொஞ்ச காலம் வால் இருக்கும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

“வாலு எங்க போச்சு டீச்சரம்மா? நீங்க வெட்டிட்டீங்களா?” என்று பாக்கியம் கேட்டாள்.

“அதுவே தின்னுடுச்சு.”

“அடி ஆத்தி! திங்கிறதுல எங்க ஊட்டுக்காரரு தோத்தாரு” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. மழைக்காலம் பாதி போயிருந்தது. ஜார் காலியாகவே இருந்தது. பொழுது விடிந்தால் மண்வெட்டியோடு கிளம்பி, வாழைத்தோப்பு, ஓடைக்கரை, எருக்குழி என்று ஒன்று விடாமல் கிளறிக்கொண்டே இருந்தேன்.

3. ஜீப்

அந்தக் காலையில் நான் தோட்டத்து ஆபீஸ் வாசலில் பூட்ஸிலிருந்து அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து கூச்சல் கேட்டது. பாக்கியத்தை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். பின்னால் அவள் புருஷன் வேலாயுதம், கையில் பால்பவுடர் வந்த ஒரு பழைய பால்மா டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

“கான் வெட்டயில கடிச்சிருச்சு! அடிச்சு எடுத்தாந்திருக்கோம்!”

கான் என்பது அவர்கள் பேச்சில் தேயிலைக்கு நடுவே ஓடும் வடிகால். பாம்பு கடித்தால் அதை அடித்துக் கடிபட்டவரோடு கொண்டுவருவது அங்கே அவர்கள் பழகிவந்த வழக்கம். வைத்தியம் செய்பவருக்கு எது கடித்தது என்று தெரிய வேண்டும் அல்லவா?

வேலாயுதம் டின்னைக் கவிழ்த்தான். முழ நீளத்துக்கு ஊதாக் கறுப்பாக, பக்கவாட்டில் மஞ்சள் கோடு போட்டு, உடம்பெல்லாம் வளையம் வளையமாக ஒரு பிராணி விழுந்தது. தலை எது வால் எது என்று சட்டெனத் தெரியவில்லை. மண்வெட்டி அடியில் நடுவில் நசுங்கியிருந்தது.

“அடே, குருடி!” என்றார் ஜீப் டிரைவர் அச்சுதன். எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளி; அங்கே இதற்குக் குருடி என்றுதான் பெயர்.

நான் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாதக்கணக்காகத் தேடிய சிசிலியன்! தொட்டால் கொழகொழப்பு. கண் தோலுக்கு அடியில் புள்ளியாகப் புதைந்திருந்தது. “இது பாம்பே இல்ல!” என்று கத்தினேன். “தவளைக்குச் சொந்தம். விஷப்பல் கிடையாது.”

பீல்டு ஆபீசர் பழனிசாமி பெருமூச்சு விட்டார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை. ஆனால் தோட்டத்துக்கு இருந்தது ஒரே ஜீப். பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும்தான் அதைக் கொடுக்கலாம் என்று மேலிடத்து உத்தரவு. “ஏனுங்க மேடம், நல்லாத் தெரியுங்களா? பாம்பு இல்லீங்களே?”

“சத்தியமா இல்ல.”

“அப்பறம் என்னத்துக்குங்க ஜீப்பு? பெரிய ஆபீசரைக் கூட்டியாரக் கூடலூர் போகோணுமுங்க. மஞ்சப் பத்துப் போட்டுட்டுச் சித்த நேரம் படுக்கச் சொல்லுங்க.”

வேலாயுதம் என் காலடியில் குந்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பாம்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சரம்மா” என்றான். “நீங்க சொன்னாத்தான் ஜீப்பு வரும்.”

அப்போதுதான் நான் பாக்கியத்தின் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் கறுத்துப்போய், வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. வாய் ஓயாதவள் பேச்சில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வளையல் சதைக்குள் புதைந்திருந்தது.

செத்த குருடியின் வாயை ஊசியால் நெம்பிப் பார்த்தேன். மணலை ஒட்டி வைத்ததுபோலப் பொடிப்பொடியாக வரிசைப் பற்கள். பாக்கியத்தின் விரலில் இருந்ததோ ஆழமாகக் குத்திய இரண்டே புள்ளிகள்.

“சார், இது பாம்பு இல்ல. ஆனா இவளக் கடிச்சது பாம்பு” என்றேன்.

பழனிசாமிக்குக் குழப்பம். “என்னங்க மேடம், இப்பத்தான் இல்லேன்னீங்க?”

“இது கடிக்கவே இல்ல சார். இந்த வாயால இந்தக் காயம் வராது. கடிச்சது வேற. இவங்க அடிச்சதும் வேற.”

“அப்ப பாம்பு எங்கீங்க?”

“கான்லதான் இருக்கும். பிடிச்சுக் காட்டறேன். முதல்ல ஜீப்ப அனுப்புங்க.”

அவர் பாக்கியத்தின் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஒவ்வொரு நொடியும் நெருப்பில் நிற்பதுபோல இருந்தது. “எடுப்பா வண்டிய” என்று அச்சுதனிடம் சொன்னார். அந்த இரண்டு சொல்லுக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். வளையலைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அவளையும் வேலாயுதத்தையும் ஏற்றி அனுப்பினோம்.

4. புல் குவியல்

ஜீப் திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “மத்த ஆளுங்க எங்க?” என்று பழனிசாமியிடம் கேட்டேன்.

“அவிங்க திருப்பிக் கானுக்குள்ள எறங்கிட்டாங்களேங்க. பாம்புதான் அடிச்சாச்சே.”

ஓடினேன். வேலாயுதம் கவிழ்த்துப் போட்ட டின் என் கையில் இருந்தது. தேயிலைச் செடி முழங்காலைக் கிழித்தது. வழுக்கி விழுந்து, எழுந்து மறுபடி ஓடினேன். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருந்தது. கடித்த பாம்பைக் கொன்றுவிட்டோம் என்ற தைரியத்தில் பெண்கள் வெறுங்காலோடு நின்று, வெறுங்கையால் புல்லை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“மேல ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க!”

“என்னா டீச்சரம்மா, அதான் செத்துப்போச்சே?” என்றாள் ஒருத்தி. அவள் கை புல்லுக்குள் இருந்தது.

“செத்தது கடிக்கல. கடிச்சது சாகல. ஏறு!”

என் குரலில் என்ன கேட்டதோ, அத்தனை பேரும் கரையேறிவிட்டார்கள். பாக்கியம் கடிபட்ட இடத்தில் அவளுடைய அரிவாள் கிடந்தது. வெட்டிக் குவித்த புல்லை அவள் அள்ளியபோதுதான் சுருக்கென்றதாம். கையை உதறியதில் கரை மண் சரிந்து, உள்ளே சிவனே என்று இருந்த குருடி வெளியே விழுந்திருக்கிறது. கண்ணில் பட்டதை அடித்துவிட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் அடித்திருப்பேன்.

நீளக் குச்சியால் புல்லை ஒவ்வொரு அடுக்காகப் புரட்டினேன். அடியில் காய்ந்த இலை நிறத்தில், முக்கோணத் தலையோடு, மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த ஒரு விரியன் சுருண்டிருந்தது. ஒரு சாண்தான் இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. குச்சியால் தள்ளி, அதே பால்மா டின்னுக்குள் இறக்கி மூடியை அழுத்தினேன். பழனிசாமி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மூடியின் ஓட்டை வழியே பார்த்தார். டின்னை அவரே வாங்கிக்கொண்டு, அந்த வழியாகப் போன லாரியை நிறுத்தி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். டின்னைப் பார்த்த பிறகு டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பும் பேச்சையே எடுக்கவில்லையாம். ரத்தம் உறைகிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்த்தபடியே இருந்தாராம். பாக்கியம் பிழைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரல் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை.

5. தேடு

நசுங்கிய குருடி பேராசிரியரின் ஜாருக்குப் போனது. லேபிளில் சேகரித்தவர் என்ற இடத்தில் பாக்கியம், வேலாயுதம் என்று இரண்டு பெயரையும் எழுதினேன். “நடு உடம்பு போச்சேம்மா” என்று பேராசிரியர் உச்சுக் கொட்டினார். கதையைச் சொன்னதும் ஜாரை எடுத்து அலமாரியில் முன்னால் வைத்தார்.

அடுத்த மழைக்காலம் மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கானில் வேலை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒருத்தி, “குருடி! தேடு!” என்று குரல் கொடுத்தாள். அத்தனை பேரும் கரையேறி, கையில் குச்சியை எடுத்துக்கொண்டு, புல் குவியல் ஒவ்வொன்றையும் புரட்டினார்கள். குருடியை யாரும் அடிக்கவில்லை. அது பாட்டுக்கு மண்ணுக்குள் தலையை நுழைத்துப் போய்விட்டது. குருடி தெரிந்தால் பக்கத்தில் விரியன் இருக்கும் என்று தோட்டம் முழுக்க நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாக்கியத்திடம் போய் உட்கார்ந்தேன். “அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல பாக்கியம். அன்னிக்கு ரெண்டும் ஒரே எடத்துல இருந்துச்சு, அவ்வளவுதான்.”

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். மடங்காத விரல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. “சம்பந்தம் இல்லாட்டிப் போகுது” என்றாள். “இது கடிக்கலன்னு நீங்க சொன்னப்ப, ஆபீசரு ஐயா என்னையப் போய்ப் படுத்துக்கச் சொன்னாரு. கடிச்சது என்னான்னு அவரு கேக்கல. இவளுக கேக்குறாளுக. அது போதாதா டீச்சரம்மா?”

திருத்த வந்தவள் திருத்தாமலே எழுந்தேன். என் வாழ்க்கையில் அப்படி எழுந்தது அபூர்வம்.

பிறகு பல வருடம் கல்லூரியில் வகைப்பாடு நடத்தினேன். கால் உண்டா, வால் உண்டா, செதில் உண்டா என்று கேட்டுக் கேட்டுக் கழித்துக்கொண்டே போவதுதான் அந்தப் பாடம். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. இது பாம்பு இல்லை என்று உறுதியானதும் மனதுக்குள் ஒரு நிம்மதி வரும். அப்போது உட்கார்ந்துவிடாதீர்கள். கானில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள்.