பள்ளத்தாக்குக்குப் பாதிக்குப் பாதி

பள்ளத்தாக்கில் அவளுக்குப் பொய்ப்பனி என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொருவரைக் கை காட்டுவார்கள். பிறந்து வளர்ந்த ஊர் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அவளுக்கு வட்டார வானிலை அலுவலகத்தில் வேலை. குளிர்காலம் முடியப்போகும் சமயத்தில், வரும் வசந்தம் எப்படி இருக்கும் என்று அந்த அலுவலகம் ஒரு முன்னோட்டம் வெளியிடும். கடலோரத்துக்கு ஒரு பத்தி, மலைக்கு ஒரு பத்தி, பள்ளத்தாக்குக்கு ஒரு பத்தி. மூன்றையும் மூன்று பேர் எழுதுவார்கள். பள்ளத்தாக்கு இவளுடையது. நாளைக்கு மழையா வெயிலா என்று சொல்வதே அடிக்கடி காலை வாரிவிடுகிற தொழில் அது. அதில் வரப்போகும் பருவத்தையே முன்கூட்டிச் சொல்வதென்றால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவதுதான். இவளோ அதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். வீட்டுக்காரருக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் வேலை. "நம்ம வீட்டுக்குக் குளிர்தான் சோறு போடுது" என்று கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளும் பாவம், ஒவ்வொரு தடவையும் சிரித்துவைக்கிறாள்.

பட்டப்பெயருக்குக் காரணம் போன வருஷத்துப் பத்தி. பூ விட்ட பிறகும் உறைபனி விழ வாய்ப்பு இருக்கிறது, பழத்தோட்டக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். அவள் அண்ணனுக்குப் பள்ளத்தாக்கில் பிளம்ஸ் தோட்டம். மேலே சரிவில் பாதி, கீழே தாழ்ந்த நிலத்தில் பாதி. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கிவிடும். அண்ணன் தங்கையின் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கவாத்தைத் தள்ளிப்போட்டார். கிளைகளைத் தாமதமாக வெட்டினால் மரம் தாமதமாகப் பூக்கும், பனிக்குத் தப்பிக்கும். அதோடு சும்மா இருந்தாரா? "என் தங்கச்சி எழுதினது" என்று சந்தையில் நின்று பெருமையடித்து, இன்னும் சிலரையும் தள்ளிப்போட வைத்தார்.

பனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கவாத்தைக் காலத்தில் முடித்தவர்களின் பழம் முதலில் சந்தைக்குப் போனது. அண்ணனின் பழம் போய்ச் சேர்ந்தபோது ஊரே பிளம்ஸ் தின்று அலுத்துப்போயிருந்தது. அவர் பேச்சைக் கேட்டவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே சிரித்தார்கள், சிலர் திட்டவும் செய்தார்கள். அதற்கப்புறம் அவர் தங்கைக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. கூடப் பிறந்தவன் பேசாமல் இருப்பது அவளை உள்ளுக்குள் அரித்துத் தின்றது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் மலையில் பனி கழுத்தளவு கிடந்தது. வசந்தத்தில் மேகமில்லாத, காற்றசையாத இரவுகள் வரும் போலத் தெரிந்தது. உறைபனிக்கு அதைவிடத் தோதான விருந்து வேறில்லை. அவள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். சின்னதாய் வரட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே போட்டாள். விடை மசியவில்லை. போன வருஷத்தைவிடக் கூடுதலாக, பாதிக்குப் பாதி என்றே வந்து நின்றது.

எப்படியோ மூக்கில் வியர்த்ததுபோல, அந்த வாரமே அண்ணன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே அண்ணி. அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், டீயைத் தொடவில்லை.

"கடலோரத்துக்கு என்ன வேணா எழுதட்டும். மலைக்கு என்ன வேணா எழுதட்டும். பள்ளத்தாக்கை மட்டும் விட்டுடு."

"எப்படிண்ணா விடறது? அதுக்குத்தானே நான் இருக்கேன்."

"வழக்கம்போல இருக்கும்னு போட்டுடு. யாருக்கும் பாதகமில்ல. இன்னொரு தடவை நீ பனின்னு எழுதி அது வரலைன்னா, நான் தோட்டத்தை வித்துட்டுத்தான் ஊரை விட்டுப் போகணும்."

"வந்துட்டா?"

அண்ணன் எழுந்துவிட்டார். "நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு கால்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அண்ணி மட்டும் திரும்பிப் பார்த்து, "அவர் ராத்திரி தூங்கறதில்லைம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். அவர்கள் போனபின் அவள் சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுநாள் எழுத வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று பத்திகளையும் தலைமை அதிகாரியின் அறையில் வாய்விட்டுப் படிப்பார்கள். பத்திக்கு ஒரு சொல்லை மாற்றச் சொல்லும் உரிமை அவருக்கு. எழுதியவர் மாட்டேன் என்றால் அந்தப் பத்தி அலுவலகத்தின் பெயரில் போகாது, எழுதியவரின் சொந்தப் பெயரில் போகும். இதுவரை யாரும் மாட்டேன் என்றதில்லை. தானாக வந்து முதுகைக் காட்ட யாருக்கு ஆசை?

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மதில்மேல் பூனை. முப்பது வருஷ உத்தியோகத்தில் எந்தப் பக்கமும் குதிக்காமலே இருந்துவிட்டார். கடலோரத்துக்கு மூடுபனி, மிதமான வெப்பம் என்று படித்ததும் தலையாட்டினார். மலையில் பனி உருகத் தாமதமாகும், பாதைகள் திறக்க நாளாகும் என்றதற்கும் ஆட்டினார். இவள் தன் பத்தியைப் படித்ததும் தலை நின்றுவிட்டது.

"உறைபனிங்கறதை எடுத்துட்டு குளிர்னு போட்டுடலாமே. குளிர்ல எல்லாம் அடங்கிடும்."

"குளிர்னா ஸ்வெட்டர் எடுத்துப் போட்டுப்பாங்க சார். மரத்துக்கு ஸ்வெட்டர் கிடையாது."

கடலோரக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. "போன வருஷம் பட்டது போதாதாம்மா? சும்மா கிடக்கற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கணும்?"

"போன வருஷமும் வரும்னு நான் சொல்லல சார், வரலாம்னுதான் சொன்னேன். இந்த வருஷம் வாய்ப்பு கூடியிருக்கு. திட்டுவாங்கன்னு குறைச்சு எழுதினா நான் வானிலை எழுதல, என் பயத்தை எழுதறேன். என் பேரைப் போட்டுக்குங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். அவள் பெயரைப் போட்டார்கள்.

முன்னோட்டம் வெளியான காலையில் அவள் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் பள்ளத்தாக்குக்குப் போனாள். பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ பொய்ப்பனி என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

அண்ணன் ஏணியில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். சரிவில் அதுதான் கடைசி மரம். அடுத்து தாழ்ந்த நிலம். அவளைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கத்தரியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். அவள் ஓட்டமும் நடையுமாகப் போய் தாழ்ந்த நிலத்தின் முதல் மரத்தை மறித்து நின்றாள்.

"மேல வெட்டினது வெட்டினதா இருக்கட்டும்ணா. இதுக்குக் கீழே கத்தரி வைக்கக்கூடாது."

"நகரு."

"பாதிக்குப் பாதின்னா என்ன அர்த்தம்? வரும்னு நம்பி முழுசா காத்திருக்கவும் வேணாம், வராதுன்னு முழுசா வெட்டவும் வேணாம். வரலைன்னா மேல்பாதி காலத்துல காய்க்கும். வந்துட்டா கீழ்ப்பாதி மிஞ்சும்."

"என் தோட்டம் பாதி மொட்டையா, பாதி காடா நிக்கும். மறுபடி என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எனக்குப் பேரே வெச்சிருக்காங்க, நான் செத்தா போயிட்டேன்?"

அவர் அடுத்த மரத்துக்குப் போனார். இவளும் போய் அதை மறித்தாள். சின்ன வயசில் ஒரே ஊஞ்சலுக்கு அடித்துக்கொண்ட மாதிரி அண்ணனும் தங்கையும் மரம் மரமாக நகர்ந்தார்கள். அண்ணி வரப்பில் நின்று பார்த்து, சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். தங்கை நின்றபடியே சாப்பிட்டாள். வெயில் சாய்ந்து கால் மரத்துப்போனபோதும் நின்றாள். கடைசியில் அண்ணன் கத்தரியைக் கூடையில் போட்டார். "உனக்காக இல்ல. எனக்குக் கை வலிக்குது" என்றார். அதற்குப் பிறகு கீழ்ப்பாதியில், மற்றவர்களெல்லாம் முடித்து வெகுநாள் ஆகும்வரை, அவர் கத்தரி வைக்கவில்லை.

வசந்தம் வந்தது. சரிவு வெள்ளை வெளேர் என்று பூத்தது, பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான். அண்ணனின் கீழ்ப்பாதி மட்டும் மொட்டு இறுக மூடிக்கொண்டு நின்றது. ஊர் நன்றாகவே சிரித்தது. பிறகு ஒருநாள் விடிந்தபோது புல்லெல்லாம் உறைந்து காலடியில் நொறுங்கியது. வெயில் ஏற ஏறப் பூக்கள் தீயில் வாட்டியதுபோலப் பழுப்பாகித் தொங்கின. சரிவென்றும் பார்க்கவில்லை, பள்ளமென்றும் பார்க்கவில்லை; மூடிக்கிடந்த மொட்டு மட்டும் தப்பியது.

அலுவலகத்தில் அவளுக்குக் கை ஓடவில்லை. சொன்னது நடந்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. போன் அடித்தது. அண்ணன்தான்.

"ஏன் பாதின்னு சொன்னே?" கத்தினார். "வரும்னு அடிச்சு முழுசா சொல்லியிருந்தா முழுத் தோட்டமும் தப்பிச்சிருக்குமே! மேல்பாதி மொத்தமும் போச்சு!"

அவள் குரலைத் தணிக்கவில்லை.

"எனக்குப் பாதிதான்ணா தெரிஞ்சுது. தெரிஞ்சதுக்கு மேல ஒரு அரிசி அளவுகூடச் சொல்ல மாட்டேன். போன வருஷம் நான் சொன்னதை நீதான் முழுசாக்கி ஊருக்குச் சொன்னே."

மறுமுனையில் செருப்பு வரப்பில் இறங்கும் சத்தம் கேட்டது.

"கீழ மொட்டு வெடிக்கப் போகுது" என்றார். "இன்னொரு பனி இருக்கா?"

"பத்துல ஒண்ணு."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம்" என்றார் அண்ணன். "அந்த ஒண்ணுக்கும் சேர்த்து, ராத்திரி மரத்தடியில மூட்டி அனல் காட்ட விறகு அடுக்கி வைக்கிறேன்."