பொம்மனஹள்ளிக்கு மேலே ஒரு கோட்டை

இன்று காலை பெங்களூர் பொம்மனஹள்ளி சிக்னலில் பஸ் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால் சூரியனைச் சுற்றி, வானவில் நிறத்தில் பெரிய வட்டம்.

எங்கள் கோலார் தங்கவயலில் இதைக் கோட்டை கட்டுவது என்போம்.

பக்கத்து சீட்டில் ஈஜிபுரா ஏரியா அக்கா ஒருவர், போனில் புரோக்கரிடம் வீடு கேட்டு முடித்திருந்தார். ஆசையாகச் சொன்னேன். "அக்கா, சூரியன் கோட்ட கட்டிகீது, பாருங்க."

அவர் வெளியே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எங்க தம்பி? லீஸுக்குக் கிடைக்குமா?"

"வானத்துலக்கா!"

"எத்தினியாவது மாடி?"

கன்னடக்கார கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். "பர்மிஷன் இருக்கா கேளும்மா. இப்பெல்லாம் ஏரி மேலயே கட்டிடறாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அய்யோ, எல்லாரும் தலையத் தூக்கி மேல பாருங்க!" என்று கத்தினேன்.

மொத்த பஸ்ஸும் எட்டிப் பார்த்தது. அதற்குள் மேகம் மூடிவிட்டது. வட்டம் இல்லை.

கண்டக்டர் திருப்தியாக விசில் ஊதினார். "நான் சொல்லலையா? இடிச்சுட்டாங்க."

யாராவது போட்டோ எடுத்திருந்தால் கமெண்டில் போடுங்கள். அப்படியே அங்கே குழாயில் காவேரித் தண்ணீர் வருமா என்றும் சொல்லுங்கள். அக்கா இறங்கும்போதுகூடக் கேட்டார்.