இஸ்திரிக்காரியின் அக்கா

அலுவலகத்தில் அவளுக்கு இஸ்திரிக்காரி என்று பெயர். பொறியாளர்கள் எழுதித் தரும் ஆங்கிலத்தின் கசங்கலை நீக்கி, அந்தப் பாஷையிலேயே பிறந்து வளர்ந்தவன் எழுதியதுபோல் ஆக்கிக் கொடுப்பது வேலை. பத்தொன்பது வருடமாகத் தேய்க்கிறாள். பாராட்டு எழுதியவனுக்குப் போகும். இவளுக்குக் கண்ணாடியில் பவர் ஏறும். அலுத்துப்போய்விட்டது, ஆனால் விட்டால் வேறென்ன தெரியும்?

அவளைவிட ஒன்பது வயது மூத்தவள் அக்கா. அக்காவின் மகள் வெளிநாட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்குப் போக விசா வேண்டும், விசாவுக்கு ஒரு கடிதம் வேண்டும். வீட்டில் இஸ்திரிக்காரி இருக்கும்போது வெளியே யாரைத் தேடுவது? ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தாள். தன் கையால் எழுதியதிலேயே இதுதான் உசத்தி என்று பெருமை வேறு.

விசா நேர்காணலுக்குப் போய்த் திரும்பிய அக்கா சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆபீசர் லெட்டரைப் படிச்சிட்டு இங்கிலீஷ்ல ரெண்டு கேள்வி கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல இருந்த பொண்ணு தமிழ்ல கேட்டா, இதை யாரு எழுதினதுன்னு. தங்கச்சின்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

விசா கிடைக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மறுபடி விண்ணப்பிக்க, அக்காவின் ஆங்கிலம் மாதிரியே எழுதிப் பார்த்தாள் இஸ்திரிக்காரி. தப்புக்கூட இலக்கணமாக வந்து உட்கார்ந்தது. பேனாவை அக்காவிடம் தள்ளினாள்.

"நீயே எழுதுக்கா."

"எட்டாவது படிச்சவ என்னத்தடி எழுதுறது?"

"தெரிஞ்சத எழுது."

காலையில் உட்கார்ந்தவள் மத்தியானம் அரைப் பக்கத்தோடு எழுந்தாள். இஸ்திரிக்காரி பழக்கதோஷத்தில் பேனாவோடு படித்தாள். மூன்று வரிக்குள் ஏழு தப்பு. அதற்கடுத்து, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் அக்கா எழுதியிருந்தது இது: 'எனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அம்மா வரவில்லை. தங்கைக்குப் பரீட்சை. நான் தனியாகப் பயந்தேன். அந்தப் பிள்ளைதான் இந்த மகள். இவள் பயப்பட வேண்டாம்.'

இத்தனை வருடத்தில் அக்கா இதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. தங்கைக்கோ அப்படி ஒன்று நடந்த ஞாபகமே இல்லை. வெட்கமாக இருந்தது.

"தப்பு நிறைய இருக்கா? திருத்திக் குடுடி."

"திருத்த ஒண்ணும் இல்லக்கா," என்று பேனாவை மூடினாள்.