பின் சீட்டு பெல்ட்டில் ஒரு கோடு

எங்கள் காரை விற்பதென்று முடிவானது மாடிப்படிக்காகத்தான். வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகள் மேலே அறைகள் கட்டி கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டன. நாங்களும் கட்டினோம். மேலே ஏற வெளிப்பக்கமாக ஒரு படி வேண்டும். அந்தப் படி வந்து இறங்க வேண்டிய இடத்தில் கார் நின்றுகொண்டிருந்தது. மகள் கோயம்புத்தூரில் படிக்கப் போய்விட்டாள். எனக்கும் என் கணவருக்கும் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. காருக்கு இடமும் இல்லை, வேலையும் இல்லை.

டிக்கி வைத்த பழைய வண்டி, சாம்பல் நிறம். என் கணவரின் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் வாங்கிக்கொண்டோம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரகடம் உட்சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் குறைவாக இருக்கும். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடியே இருப்பார். மகளுக்கு டெங்கு வந்த வருஷம், அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை நானே ஓட்டிப் போனேன். அன்றைக்கு அவரேதான் சாவியை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு ஹேண்ட் பிரேக்கில் அவர் கை வைத்ததில்லை.

விற்கிற நேரத்தில் அதற்கு வயதாகிவிட்டது. ஏசி போட்டால் வெறும் காற்று வரும். சர்வீஸ் ரோட்டுப் பள்ளங்களில் முன் சக்கரத்துப் பக்கம் 'டக் டக்' என்று சத்தம். ஓட்டுபவர் பக்கத்துக் கண்ணாடியைக் கையால் தள்ளிக்கொடுத்தால்தான் மேலே ஏறும். மழைக்காலத்தில் உள்ளே ஒரு ஈர வாடை.

நான் ஒரு தொழிற்சாலையின் மருந்தறையில் நர்ஸாக இருக்கிறேன். ஓவர்டைம் போட்டால் வயிற்றுவலி வருகிறவர்கள், பொங்கலுக்கு முந்தின நாள் தலை சுற்றுகிறவர்கள் என்று பல வருஷமாகப் பார்க்கிறேன். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. அதனால் செல்போனில் விளம்பரம் போட்டதும் வந்த அழைப்புகளை எல்லாம் நானே எடுத்தேன்.

முதலில் ஒருவர், தான் ராணுவத்தில் இருப்பதாகவும், வண்டியைப் பார்க்காமலே வாங்கிக்கொள்வதாகவும், பணம் போட ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்புவதாகவும் அதை ஸ்கேன் செய்தால் போதும் என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டேன். அடுத்து ஒரு புரோக்கர் நேரில் வந்து, பெயின்ட்டை நகத்தால் கீறிப் பார்த்து, அடிமாட்டு விலை கேட்டார். இன்னொருவர் வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் டிக்கியின் அகலத்தை மட்டும் கையால் அளந்துவிட்டுப் போனார். அந்த வாரம் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் ஒரு கதை கேட்டிருந்தேன். பேர் மாற்றாமல் காரை விற்ற ஒருவரைத் தேடி வெளிமாநிலப் போலீஸ் வந்ததாம், டிக்கியில் கஞ்சா இருந்ததாம். கையால் அளந்தவர் மறுபடி கூப்பிட்டபோது, வண்டியை விற்றுவிட்டோம் என்று பொய் சொன்னேன்.

அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தனியாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனி கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவதாகவும், ஹாஸ்டலில் இருப்பதாகவும் சொன்னாள். பேச்சு திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"வூட்ல யாரும் கூட வரலியாம்மா?" என்று கேட்டேன்.

"வண்டி எனக்குத்தானக்கா. நான் பாத்தா போதும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். யாரோ பின்னாலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்கும் தோன்றிவிட்டது. பெண்பிள்ளையை அனுப்பினால் விலை குறையும் என்று ஏதாவது புரோக்கர் கணக்குப் போட்டிருக்கலாம். அல்லது அவள் பேரில் வாங்கி வேறு யாரோ ஓட்டலாம்.

அவள் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு தரையில் குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். சத்தம் வருகிற சக்கரத்தைப் பற்றி நானே சொன்னேன். தலையாட்டிக்கொண்டாள். ஏசியைச் சொன்னேன், அதற்கும் தலையாட்டினாள். பிறகு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மூக்கைச் சீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் மகள் படுத்திருந்த சீட்டு அது.

கடைசியில், நாங்கள் யாரும் ஒருபோதும் போட்டிராத பின் சீட்டு பெல்ட்டை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். அது முழுக்க வெளியே வந்து நின்றதும் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது தண்ணியில நின்ன வண்டியா?"

பெல்ட்டின் அடிப்பகுதியில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு மேலே கறுப்பு, கீழே மண் நிறம்.

"டீ கொட்டியிருக்கும்," என்றார் என் கணவர்.

"டீ கொட்டுனா இப்படி நேர்கோடா நிக்காதுண்ணே. எங்க ஊர்ல ஆத்துத் தண்ணி வந்தப்ப தெருத்தெருவா காரெல்லாம் இப்படித்தான் நின்னுச்சு. அதுக்கப்புறம் வெளியூர்லருந்து ஆளுக வந்து அதையெல்லாம் சல்லிசா வாங்கிட்டுப் போனாங்க. கழுவி, சென்ட் அடிச்சு வேற ஊர்ல வித்துருப்பாங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "விலையக் குறைக்கணும்னா நேரா கேளு. இல்லாதத சொல்லிக்கினு இருக்காத. நாங்க என் அண்ணன்கிட்ட வாங்குன வண்டி இது."

அவள் பெல்ட்டைக் கவனமாக உள்ளே விட்டாள். "நான் விலையே இன்னும் கேக்கலண்ணே," என்றாள். பிறகு என்னிடம், "கார்பெட்டத் தூக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா," என்று சொல்லிவிட்டு நடந்து போனாள்.

நாடகம் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் பெல்ட்டில் பார்த்த கோடு மனதை விட்டுப் போகவில்லை. என் வாரவிடுமுறை நாளில் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்க் கதவோரத்துப் பட்டையைக் கழற்றினேன். கார்பெட் ஒட்டிப்போயிருந்தது. பலமாக இழுத்ததும் பிரிந்தது. அடியில் இருந்த பஞ்சு முழுக்க காய்ந்த வண்டல், மாவு போல நைசாக. சீட்டுக் கம்பியின் இடுக்கில் ஒரு நத்தை ஓடு, சுண்டுவிரல் நகம் அளவு. எங்களிடம் இருந்த வருஷங்களில் இந்த வண்டி ஒரு குட்டையில்கூட இறங்கியதில்லை.

நத்தை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வண்டியை எங்களுக்குக் கொடுப்பதற்கு முன்பு என் கணவரின் அண்ணன் தாம்பரம் பக்கம் ஏரியை ஒட்டி ஒரு வீட்டில் குடியிருந்தார். சென்னையே மூழ்கிய வருஷத்து மழையில் அவர்கள் மாடியில் போய் இருந்ததும், நாங்கள் பால் பவுடரும் பிரெட்டும் கொண்டுபோனதும் எனக்கு நினைவிருந்தது. கார் எங்கே நின்றது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. சில மாதம் கழித்து எங்களுக்கு அதைக் கொடுத்தபோது புது சீட் கவர் போட்டிருந்தது. கண்ணாடியில் மல்லிகை வாசனை அட்டை ஒன்று தொங்கியது. "தம்பிக்குத்தான் கொடுப்பேன், வெளியில கொடுக்க மனசு வரல," என்று சொன்னார். மழைக்காலத்தில் கதவுப் பூட்டுகள் தானாகத் திறந்து மூடும்போதெல்லாம் நான் மெக்கானிக்கைத்தான் திட்டினேன்.

என் சந்தேகம் அண்ணனோடு நிற்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரைக் காரிடம் கூட்டிப் போய் காட்டினேன். பார்த்தார். குனிந்து வண்டலைத் தொட்டு விரலில் தேய்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"இன்னா தெரியுமா?"

"வாங்கும்போதே தெரியுமான்னு கேக்குறேன்."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நேரம் எடுத்துக்கொண்டார். மருந்தறையில் இந்த மௌனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் பாதி உண்மையாக இருக்கும்.

"தெரியாது," என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. அதான் கேக்கல."

நான் உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் டிவி மட்டும்தான் பேசியது.

மறுநாள் காலையில் அவரே அண்ணனுக்குப் போன் போட்டார். என் எதிரில் ஸ்பீக்கரில் போட்டார். அதை எனக்காகத்தான் செய்தார் என்று புரிந்தது.

"டயர் வரைக்குந்தாண்டா தண்ணி வந்துது," என்றார் அண்ணன். "சர்வீஸ் பண்ணித்தானே கொடுத்தேன். இத்தினி வருஷம் ஓடிச்சா இல்லியா? இப்போ இன்னாத்துக்கு அதக் கிளறிக்கினு கீற?"

"சீட்டுக்கு மேல கோடு கீதுண்ணா."

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "நான் அப்பவே சொல்லிடுங்கன்னு சொன்னேன்," என்றார் யாரிடமோ. போன் கட்டாகிவிட்டது. என் கணவர் போனை மேசையில் கவிழ்த்துவைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் நேற்றைய சந்தேகம் எனக்குப் பாதி கரைந்தது. முழுக்கக் கரைய இன்னும் சில மாதம் ஆனது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நத்தை ஓடு வரைக்கும் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் கேட்டாள்:

"இத ஏன்க்கா இப்ப நீங்களே சொல்லுதிய?"

"கேட்ட இல்ல, அதான்."

"இல்லக்கா, இதுக்கு மேல வேற ஏதாவது பெருசா இருக்கா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். வேறொன்றும் இல்லை, உனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிக்கொள் என்றேன். ஸ்ரீபெரும்புதூரில் எங்களுக்கு வழக்கமான மெக்கானிக் இருப்பதைச் சொன்னதும், "அவரு வேண்டாம்," என்றாள் உடனே.

சுங்குவார்சத்திரத்தில் அவள் சொன்ன கடைக்குப் போனோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளை வண்டியோடு தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. நன்றாகவே ஓட்டினாள். லாரிகளுக்கு இடம் விட்டாள், பள்ளம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தாள். இருந்தாலும் அடிக்கடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பின்னால ஒரு பைக்கு ரொம்ப நேரமா வருதுக்கா."

"அது எங்க வூட்டுக்காரரு," என்றேன்.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சொன்னாள், "அதுக்குப் பின்னால ஒரு ஷேர் ஆட்டோ வருது பாருங்க. அதுல என் கூட்டாளி வாரா."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தத் தெம்பில்தான் கேட்டேன், "தப்பா நினைச்சுக்காதம்மா. எதுக்கு உனக்குக் காரு?"

"ஆம்பளை வந்திருந்தா கேட்டிருப்பியளா?"

வந்துபோனவர்களை நினைத்துப் பார்த்தேன். டிக்கியை அளந்தவரிடம்கூட நான் அதைக் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு பதிலை நானாக வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

மெக்கானிக் கார்பெட்டை முழுக்க எடுத்துவிட்டுப் பார்த்தார். வயரிங்கில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும், என்ஜினில் தண்ணீர் ஏறியதற்கு அடையாளம் இல்லை, மற்றதெல்லாம் வயசுக் கோளாறு என்றார். அவள் இரண்டு தடவை திரும்பத் திரும்பக் கேட்டாள். என் கணவர் தள்ளி நின்று, எங்கள் காரின் வயிற்றைத் திறந்துவைத்திருப்பதைப் பார்க்க முடியாதவர்போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை பேசும்போது அவரே குறைத்துச் சொன்னார்.

பேர் மாற்றிய பிறகுதான் சாவி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், பேர் மாற்றாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்றாள். ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொண்டோம். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் ஆளுக்கு ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டோம்.

இப்போது அந்த இடத்தில் மாடிப்படி இருக்கிறது. அண்ணன் வீட்டுக்கு விசேஷம் என்றால் என் கணவர் மட்டும் போய்விட்டு வருகிறார். நான் போவதில்லை. அவரும் வா என்று சொல்வதில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் பகலில், மழை பெய்துகொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. முதல் மழைக்கு வண்டி நின்றுவிட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"அக்கா, ஊருக்குப் போற வழியில விக்கிரவாண்டி டோல் தாண்டி நிக்கோம். டயரு பஞ்சர். டிக்கி திறக்க மாட்டேங்குது."

பின்னால் பெண்களின் குரல்கள். ஒருத்தி குடையைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினாள், இன்னொருத்தி சிரித்தாள்.

"டிரைவர் சீட்டுக்குக் கீழ இருக்குற லிவர ஒருத்தி இழுக்கணும்," என்றேன். "இன்னொருத்தி அதே நேரத்துல டிக்கிய ஒரு அமுக்கு அமுக்கிட்டுத் தூக்கணும். தனியா திறக்காது."

போனைக் கையில் வைத்துக்கொண்டே யாருக்கோ அதைச் சொன்னாள். 'டப்' என்று அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"ஆங், திறந்துட்டுக்கா. வைக்கேன்."

வைத்துவிட்டாள். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. சாயங்காலம் வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை. காற்று இருந்திருக்கும்போல.