கடுவன் பூனைக்கு வந்த அடைப்பு

குழாய்க்காரருக்குக் கசிவு என்றால் ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும், கூப்பிட்ட வேலையை விட்டுவிட்டு மூலையில் சொட்டுகிற குழாயைத்தான் முதலில் திருகுவார். அவர் மனைவி தையல்காரி. முன்னறை முழுக்க அடுத்தவர் துணி. அந்தத் துணிகளுக்கு நடுவே ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை. வருகிற போகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

அந்த வாரம் துணிகளில் ஈரம். திங்களன்று ஒரு ரவிக்கைத் துணி, மறுநாள் ஒரு திரைச்சீலை. நனைந்ததென்னவோ ஒரு ரூபாய்க் காசு அளவுதான், ஆனால் பூனை மூத்திர வாடை.

"உங்க மேனேஜர் என் பொழப்புல கைவைக்கிறாரு. என்னன்னு கேளுங்க" என்றாள் தையல்காரி.

"கசிஞ்சா முதல்ல வால்வை மூடணும்மா. இதுல கேக்க என்ன இருக்கு?" என்றவர், பூனையின் தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். இனி தண்ணீர் காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் துணி நனையவில்லை. "பாத்தியா?" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை, ஒன்றுக்குப் போக வைத்திருந்த மண் தட்டில் ஏறி உட்கார்ந்து முக்கிய பூனை ஒரு சொட்டுக்கூடப் போகாமல் இறங்கியது. திரும்ப ஏறியது. குழாய்க்காரர் அடிவயிற்றில் கை வைத்ததும் அடித்தொண்டையில் கத்தியது.

"மலச்சிக்கலா இருக்குமோ? சாயங்காலம் வரைக்கும் பாப்போமா?" என்றாள் தையல்காரி.

அவர் மறுபடி தொட்டுப் பார்த்தார். "வயிறு கல்லு மாதிரி இருக்கும்மா. இது வேற. கிளம்பு."

பூனையைத் தொட்டதுமே மருத்துவரம்மாவின் முகம் மாறியது. "மூத்திரப்பை நிரம்பிக் கெட்டியாயிருக்கு, வழி அடைச்சிருக்கு. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகல். சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா பிழைக்கிறதே கஷ்டம்."

"நான்தாங்க தண்ணியக் குறைச்சேன்" என்றார் குழாய்க்காரர்.

மருத்துவர் ஊசியை எடுத்தபடியே சொன்னார்: "அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா போச்சுல்ல? அப்பவே உள்ள மணல் மாதிரி படிய ஆரம்பிச்சிருக்கும். அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். தண்ணி குறைஞ்சா படிவு இன்னும் கூடும். உங்க வேலையில இதெல்லாம் பாத்திருப்பீங்களே?"

பார்த்திருக்கிறார். ஓட்டம் இல்லாத குழாயில் எது படியும் என்று அவருக்கா தெரியாது?

மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் குழாயைக் கழற்றி அனுப்பினார்கள். இனி ஈர உணவு, வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர், தினமும் மண் தட்டைச் சுத்தம் செய்வது. "திரும்பவும் அடைக்கலாம். இன்னிக்கு அதுவா போகுதான்னு பாத்துச் சொல்லுங்க. போகலன்னா உடனே வாங்க."

அன்று குழாய்க்காரர் வேலைக்குப் போகவில்லை. மண் தட்டுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க இப்படி முறைச்சா அது எப்படிப் போகும்? திரும்பி உக்காருங்க" என்றாள் தையல்காரி.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மத்தியானம் முதுகுக்குப் பின்னால் மண்ணைக் கீறும் சத்தம். அப்புறம் நீளமாக ஓர் ஓசை. அவர் திரும்பவில்லை. பூனை இறங்கிப் போனதும் மண்ணைக் கிளறினார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஈரமண் கட்டி. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மறுகையால் மருத்துவரைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, போயிடுச்சு. நல்லாவே போயிடுச்சு."

"அதைக் கீழே போடுங்க. நகை கிடைச்ச மாதிரி பிடிச்சிட்டு நிக்கிறீங்க" என்ற தையல்காரி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனாள்.