அம்மா விட்டுவைத்த செவ்வரத்தம்பூ

பிள்ளைகளே, எங்கள் ஹனோவர் வீட்டுத் தோட்டத்தில் நேற்று ஒரு பூச்சி அந்தரத்தில் நின்றபடி பூவில் தேன் குடித்தது. அதை ரீங்காரச்சிட்டு என்ற குட்டிப் பறவை என்று நினைத்த மகள், அதற்குக் குடிக்கச் சீனித்தண்ணி கரைக்க ஓடினாள். எனக்கோ சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் எங்கள் செவ்வரத்தைக்கு, அதுதான் செம்பருத்திக்கு, வரும் தேன்சிட்டு ஞாபகம் வந்தது.

விடியவே அம்மா சாமிக்கென்று பூவெல்லாம் பிடுங்கிவிடுவா. பிறகு வரும் சிட்டு வெறுங்கொப்பைச் சுற்றிவிட்டுப் போய்விடும். ஒருநாள் நான் மரத்தை மறித்து நின்றேன்.

“பிடுங்காதேங்கோ அம்மா, சிட்டுக்குப் பசிக்கும்.”

“அப்ப சாமிக்கு என்னடா வைக்கிறது?”

“அவருக்குப் பொங்கல் இருக்குத்தானே!”

அம்மா சிரித்துவிட்டா. ஒரு கொப்பை அப்படியே விட்டா. சிட்டு வந்து ஒவ்வொரு பூவின் அடியிலும் அலகால் குத்திக் குடித்தது. தட்டத்தோடு நின்று பார்த்த அம்மாவுக்கு அன்று விளக்குக் கொளுத்தவே நேரம் பிந்திவிட்டது.