பேரு ஒண்ணு, வயசு ரெண்டு

மாத்திரை கொண்டாந்தவ வாசல்ல நின்னுக்கிட்டு "ரேஷன் கார்டை எடுங்க"ன்னா, நீங்க எடுப்பீங்களா, வெரட்டுவீங்களா?

அல்லிநகரத்துல முக்காவாசிப் பேரு வெரட்டத்தான் பாத்தாக. ரெண்டாயிரத்தொம்பதுல பி.பார்ம் முடிச்சுட்டுச் சும்மா கெடக்காம, சித்தப்பா மெடிக்கல்ல இருந்து ஸ்கூட்டில வீடு வீடா மாத்திரை குடுத்துக்கிட்டுத் திரிஞ்சேன். ரூல் நான் போட்டது. டாக்டர் சீட்டுல உள்ள பேரை வீட்டு ஆளு சொல்லணும், கார்டுல பாக்கணும், அப்புறந்தான் பை. "இவ தலைவலி மாத்திரைக்கே பாஸ்போர்ட் கேப்பா போலயே"ன்னு சித்தப்பாவே நக்கல் அடிச்சாரு. அடிக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஒருநா மத்தியானம், ஒரு வீட்டுல அத்தை ஒருத்தவுக கதவைத் தொறந்தாக. காலைல கடைக்குப் போன் போட்டது அவுகதான்.

"யாருக்கு அத்தே மாத்திரை? பேரு சொல்லுங்க."

"எம் மகனுக்கு. பேரெல்லாம் சொல்ல மாட்டேன்."

"மகன் பேரைச் சொல்ல என்ன?"

"மாமனாரு பேரைத்தானத்தா அவனுக்கு வச்சுருக்கு! நான் எப்பிடிச் சொல்ல? சின்னவன்னுதான் கூப்புடுவேன். நீ மாத்திரை குடுக்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?"

உள்ள மகன் சிரிச்சது கேட்டுச்சு. மூஞ்சியெல்லாம் சூடாயிருச்சு எனக்கு. ஆனா நகரல.

"அப்ப கார்டுல வெரல வச்சுக் காட்டுங்க."

முணங்கிக்கிட்டே வெரல வச்சாக. பேரு பக்காவா சரி. வயசு இருபத்தி மூணு. என் கைல இருந்த சீட்டுல எழுபத்தொண்ணு. கார்டுல மேல பாத்தா குடும்பத் தலைவரு, அத்தையோட மாமனாரு, அதே பேரு.

பையத் தொறந்தேன். பூராம் சக்கரை மாத்திரை. பெருசுக்கு உள்ளது.

"மகனுக்கு என்ன அத்தே?"

"வலிப்பு, ஆத்தா. மாத்திரை நேத்தோட தீந்துபோச்சு. இத முழுங்கிட்டு வேலைக்குப் போகணும்னு குத்தவச்சுருக்கான்."

சக்கரை இல்லாதவரு அதைப் போட்டா அங்கனயே சுருண்டு விழுவாரே! அத்தை போன்லயும் பேரைச் சொல்லாம "எங்க வீட்டு மாத்திரை"ன்னுருக்காக. கடையில இருந்த அந்த வீட்டுச் சீட்டு ரெண்டுல கைக்குக் கெடச்சதைப் பாத்துக் கட்டிட்டாக.

பையக் குடுக்காம ஸ்கூட்டியத் திருப்புனேன். பத்தே நிமிசம், வலிப்பு மாத்திரையோட வந்து நின்னேன். இந்த வாட்டி மகனே வாசலுக்கு வந்து பேரு, வயசு ரெண்டையும் சொன்னாரு. நான் கேக்கவே இல்ல. சுடிதாருல காலர் இல்ல, இருந்திருந்தா தூக்கி விட்டுருப்பேன்.

மறுநாளே சித்தப்பா எல்லாச் சீட்டுலயும் வயசைச் செவப்பு மையில வட்டம் போட்டாரு. ஆனா ரூல் என்னோடது, ஆமா.

இப்ப மணி நாலேகால். அந்த வீட்டுக்கு இந்த மாசத்து வலிப்பு மாத்திரை ஸ்கூட்டி டிக்கில இருக்கு. இன்னைக்கும் பேரு, வயசு ரெண்டையும் கேட்டுட்டுத்தான் குடுப்பேன்.